கால்கள் இருக்கும் பெட்டி

ஏப்ரல் 15, புதன்

காலை ஒன்பதே காலுக்குப் பேர்ணாம்பட்டிலிருந்து அழைப்பு. சுகநடை காலணிப் பட்டறை. நடத்துபவர் பெயர் சுகிர்தா. "சர்வர் நேத்து மத்தியானம் நின்னுபோச்சுங்க. எழுந்திரிக்கவே மாட்டேங்குது" என்றார். துக்க வீட்டிலிருந்து பேசுகிறவர் மாதிரி இருந்தது குரல்.

காட்பாடியிலிருந்து கிளம்பிக் குடியாத்தத்தில் பேருந்து மாறினேன். அங்கே இறங்கி நாலு அடி நடந்த பிறகுதான் வலது காலில் செருப்பு இல்லை என்று பார்த்தேன். எங்கே கழன்றதோ. எதிர்க் கடையில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சர்வருக்குப் பன்னிரண்டு வயது. மேசைக்கு அடியில் நிற்கும் பெரிய பெட்டி வகைக் கணினி. அறை சின்னது, ஏசி, வெள்ளை டைல்ஸ். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி இல்லை. யாரோ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலைமை: பொத்தானை அழுத்தினால் ஃபேன்கள் இரண்டு விநாடி சுற்றி நிற்கின்றன. மின்சாரம் வாங்கும் பவர் சப்ளை இரண்டு. ஒன்று படுத்தாலும் மற்றது தாங்க வேண்டும். ஒன்றில் விளக்கே இல்லை. மற்றதில் ஆரஞ்சு.

பார்த்தவை: சுவர் பிளக்கில் 226 வோல்ட். யுபிஎஸ்ஸிலிருந்து வருவது 229. கேபிள்களை மாற்றிப் பார்த்தேன். அதே கதைதான்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இதற்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் வெளிநாடு போய்விட்டாராம். அவர் கையெழுத்து. எப்போதெல்லாம் நிறுத்தினார் என்று தேதி போட்டிருக்கிறார். கடைசித் தேதிக்கு ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் இது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகச் சர்வர் பழுது பார்க்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

செத்த பவர் சப்ளையை நேற்று வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். உள்ளே கெப்பாசிட்டர்கள் மூன்று வீங்கி வெடித்திருந்தன. இந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்தி ஏழு வருடம் ஆகிவிட்டது. சென்னையில் ரிச்சி தெருவில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்தேன். பழையது இரண்டு தேடிப் பார்த்துப் பேருந்தில் பார்சல் போடுகிறேன் என்றார்.

பட்டறையில் என்ன செய்கிறார்கள் என்று இன்றுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். சாதாரணச் செருப்பு இல்லை. பாதத்தில் உணர்ச்சி போனவர்களுக்கு மட்டும் செய்கிறார்கள். தொழுநோய் வந்து குணமானவர்கள், சர்க்கரையால் நரம்பு மரத்தவர்கள். சுகிர்தா மேடத்துக்கு அறுபத்தொரு வயது. ஒரு ஆஸ்பத்திரியில் பாதம் அளவெடுப்பவராக வெகுகாலம் இருந்துவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறார். சர்வருக்குள் ஆறாயிரத்து நானூறு பேருடைய பாதங்கள் இருக்கின்றன. வடிவம், அழுத்தம் விழும் இடம், ஒவ்வொரு வருடமும் செய்த மாற்றம், எல்லாம். அதை வைத்துத்தான் ஒரு இயந்திரம் உள்ளே வைக்கும் ரப்பர் பாதத்தை வெட்டுகிறது.

"அளவு போனா திரும்ப எடுத்துக்க முடியாதா மேடம்?" என்று கேட்டேன். தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்டதுதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முதல் அளவுல செய்யற செருப்பு எல்லாருக்குமே எங்கயாவது ஒரு இடத்துல கடிக்கும். அவங்களுக்குத் தெரியாது. புண்ணு வந்தப்புறம்தான் தெரியும். அந்த இடத்துல ரெண்டு மில்லிமீட்டர் குழிப்போம். அப்புறம் அழுத்தம் வேற இடத்துக்குப் போகும். இப்படி அஞ்சு வருஷம், பத்து வருஷம். இதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு மாத்தமும் ஒருத்தரோட புண்ணுல இருந்து கத்துக்கிட்டது. அளவைத் திரும்ப எடுத்துக்கலாம் தயாளன். புண்ணைத் திரும்ப வரவெச்சுப் பார்க்க முடியாது."



இந்த வாரமே முப்பத்தொரு பேருக்குச் செருப்பு போக வேண்டும். அதில் இங்கேயே பெருக்குகிற வேலை பார்க்கும் கெங்கம்மாளும் ஒருவர். பழைய செருப்பு தேய்ந்து குதிகாலில் புண் வந்து, இரண்டு மாதமாகக் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று படுக்க வைத்திருக்கிறார்கள்.

நகல் இருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் டேப் போடுகிறார்கள். பச்சை விளக்கு எரியும். எடுத்து பீரோவில் பூட்டி வைப்பார்கள். எட்டு டேப்புகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்த்தேன். எட்டும் காலி. பதிகிற முனை எப்போதோ தேய்ந்துபோயிருக்கிறது. இந்த டேப்புகளை வாங்கிய நாளிலிருந்து இரண்டரை வருடமாகப் பச்சை விளக்கு மட்டும்தான் எரிந்திருக்கிறது.

மேடத்திடம் இதை நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

சொன்னேன். மேடம் எனக்கு டீ வரவழைத்தார். சர்க்கரை இல்லாமல் என்றேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

சர்வரைச் சுத்தமாகப் பிரித்தேன். முதல் வேலையாக நாலு ஹார்டு டிஸ்க்குகளையும் உருவி, வரிசை எண் எழுதி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். என்ன ஆனாலும் அவற்றுக்கு மின்சாரம் போகக் கூடாது. பிறகு ரேம் மெமரிகளில் ஒன்று தவிர எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு பிராசசரில் ஒன்றை எடுத்தேன். ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எதுவோ ஷார்ட் ஆகிறது என்றால், அதை எடுத்ததும் மீதி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆகவே மிச்சமிருக்கும் பவர் சப்ளையும் பழுது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படிப் போகும்? இது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூடும்போது பன்னிரண்டு திருகில் பதினொன்றுதான் கிடைத்தது. தரையில் தேடினேன். இல்லை.

மனைவி புனிதாவுக்கு ரேஷனில் துவரம்பருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

குளிக்கும்போது தண்ணீர் சிவப்பாகப் போனது. பன்னிரண்டாவது திருகு கிடைத்துவிட்டது. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, திருகுத் தலை வரைக்கும் இறங்கியிருந்தது. நேற்று மதியத்திலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. வலியே இல்லாததால் பெரிய காயமாக இருக்காது. பிளாஸ்திரி போட்டேன்.

திருகைச் சோப்புப் போட்டுக் கழுவி டப்பாவில் வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வீட்டில். கேஸ் சிலிண்டர் மாற்றினேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். சாக்ஸ் போட்டிருக்கிறேன். ஏன் என்று புனிதா கேட்டாள். அந்த ஏசி அறையில் குளிர் ஏறிவிட்டது என்றேன்.  துவரம்பருப்பை அவளே போய் வாங்கிவந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

பார்சல் வந்துவிட்டது! இரண்டு பவர் சப்ளை, பழையதுதான், ஆனால் சுத்தமாக இருந்தன. டிஸ்க் எதுவும் போடாமல் வெறும் பெட்டியில் மாட்டி அழுத்தினேன். ஃபேன்கள் ஒரு தடவை உறுமி, பிறகு இறங்கி, நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தன. இரண்டிலும் பச்சை.

மேடம் வாசலில் நின்றிருந்தார். "போட்டுடலாமா டிஸ்க்கை?" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஏன் செத்தன என்று இன்னும் எனக்குத் தெரியாது. "நாளைக்குக் காலை வரைக்கும் இப்படியே ஓடட்டும் மேடம். வெறும் பெட்டியா ஓடட்டும்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நல்லவேளை.

ஒன்பதரைக்குப் போனபோது இரண்டும் பச்சை. பத்து மணிக்குப் பக்கத்துக் கூடத்தில் ரப்பர் தேய்க்கும் மோட்டாரைப் போட்டார்கள். பட்டென்று ஒரு சத்தம். சர்வர் நின்றது. நேற்று வந்த சப்ளைகளில் ஒன்றிலிருந்து கருகல் வாசம். டிஸ்க்குகள் உள்ளே இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே அலமாரியில் நாலு துணிச் சுற்றும் இருக்கின்றனவா என்று எண்ணினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நோய் பெட்டியில் இல்லை. வெளியே இருக்கிறது. ஏழு நாள் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே ஒரு அளவை எடுக்காமல் விட்டிருந்தேன், எடுக்க வேண்டிய முதல் அளவே அதுதான். பிளக்கில், மின்சாரம் திரும்பும் நியூட்ரலுக்கும் மண்ணுக்குப் போகும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நாற்பத்தொன்று காட்டியது. மோட்டார் சுற்றும்போது அறுபதைத் தாண்டியது. பெட்டியின் மேல் டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. வேண்டாத மின்சாரம் மண்ணுக்குள் போய்ச் சேர வழியில்லாமல் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

எர்த் குழி எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரைத் தாண்டி, பின்பக்கம், வெட்டிப்போட்ட தோல் துண்டுக் குவியலுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் மூடி. திறந்தால், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கையை விட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. இந்த வெயிலில் எப்படி இருக்கும்?

ஆனால் குழியின் உள்சுவரில் மேலே வரைக்கும் பாசி படிந்த தடம் இருந்தது. காய்ந்து கறுத்த பாசி. ஒன்றிரண்டு மழையில் வருகிற பாசி இல்லை அது. வருடக்கணக்கில் ஈரமாகவே இருந்த இடம். மூடிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் கவிழ்த்து வைத்திருந்தது.

மேடத்தைக் கூட்டிவந்து காட்டினேன். குடத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இது கெங்கம்மாளோடது. செடிக்குத் தண்ணி ஊத்தறாங்கன்னு நினைச்சேன்" என்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே செடி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

கெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். பட்டறையிலிருந்து அரை மைல் இருக்கும். மேடமும் வந்தார். ஒற்றை அறை. கட்டிலில் சாய்ந்து, இடது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். கை விரல்கள் பாதி மடங்கியவை. என்னைப் பார்த்து எழப் பார்த்தார், மேடம் அதட்டி உட்கார வைத்தார்.

"ஏம்மா, பின்னாடி ஒரு குழி இருக்கே, அதுல நீங்கதான் தண்ணி ஊத்துவீங்களா?" என்றேன்.

"ஆமா சார். தெனம் ரெண்டு கொடம். ஏன், இப்ப ஊத்தறது இல்லியா?"

"யார் சொல்லி ஊத்துனீங்க?"

"அந்தப் பொட்டி வந்த அன்னிக்கு ஒரு எலக்ட்ரி ஆளு குழி வெட்டுனாரு. நான் பக்கத்துல பெருக்கிக்கினு இருந்தேன். 'யம்மா, இது காய்ஞ்சா உள்ள கீற பொட்டி செத்துப்பூடும், ஈரமா வெச்சிக்க'ன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. அதுக்கப்புறம் அந்த ஆள நான் பாக்கவே இல்ல."

பன்னிரண்டு வருடம். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எட்டாயிரத்தெழுநூறு குடத்துக்குப் பக்கம் வருகிறது.

"லீவு நாள்ல?"

"லீவு நாள்ல மட்டும் அது காயாதா சார்? வந்து ஊத்திட்டுப் போவேன். கெங்கையம்மன் திருவிழா அன்னிக்குக் கூட ஊத்திட்டுத்தான் குடியாத்தத்துக்கு பஸ் ஏறுவேன்."

மேடம் அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே கெங்கம்மா. நீங்க படுத்த அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே."

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்மா. தண்ணி ஊத்தறது ஒரு வேலையா, அதப் போய் சொல்லிக்கினு இருக்க?"

கிளம்பும்போது அவரிடம், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்க வேண்டும் போல இருந்தது.

"தெரியாம இன்னா சார்? எங்க காலு கீது. எங்க எல்லாரு காலும் அதுலதான கீது" என்றார்.

 

ஏப்ரல் 23, வியாழன்

இன்றைய நாளை முழுதாக எழுதிவிட வேண்டும்.

ஏழரைக்கே போய்விட்டேன். குழியில் கம்பியைப் பிடித்திருந்த கவ்வி பச்சையாகக் களிம்பேறியிருந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் போல்ட்டு போட்டு இறுக்கினேன். பழைய மண்ணைக் கொத்திக் கரியும் கல்லுப்பும் கலந்து போட்டேன். பிறகு தண்ணீர். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் குழாயிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். முதல் பத்துக் குடம் போன இடம் தெரியவில்லை. மண் குடித்துக்கொண்டே இருந்தது. குழிக்கும் மீட்டருக்குமாக நான் நடந்துகொண்டே இருந்தேன்.

41. பிறகு 33. இருபதாவது குடத்தில் 19. தண்ணீர் மேலே நிற்க ஆரம்பித்தபோது 6. ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பார்த்தேன். 1.8. மோட்டாரைப் போடச் சொன்னேன். 2.1.

அதற்கு மேல் ஏறவில்லை. மீட்டரை எல்லோருக்கும் காட்டினேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

நல்ல சப்ளை ஒன்றுதான் மிச்சம். வெறும் பெட்டியாக இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். மோட்டாரை ஏழெட்டுத் தடவை போட்டு நிறுத்தச் சொன்னேன். அசையவில்லை. மதியம் ஒன்றரைக்கு டிஸ்க்குகளைத் துணியிலிருந்து எடுத்தேன். ஆறு வருடம் நிற்காமல் சுற்றியவை. நின்று பத்து நாள் ஆகிறது. சில டிஸ்க்குகள் ஒரு தடவை நின்றால் பிறகு எழாது. நாலில் மூன்று எழுந்தால் போதும், இழப்பு இல்லாமல் மீட்டுவிடலாம். இரண்டு எழவில்லை என்றால் ஆறாயிரத்து நானூறு பேரும் போனார்கள்.

முதல் டிஸ்க். காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய விசில் மாதிரி ஏறி நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது டக், டக், டக் என்றது. அவ்வளவுதான். அணைந்தது. நாலாவதைப் போடுவதற்கு முன்னால் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே தள்ளினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. இன்னொரு விநாடி. பிறகு அது மூச்சை இழுத்துக்கொண்டு எழுவது போல எழுந்தது.

சர்வர் தேதி கேட்டது. உள் பேட்டரி தீர்ந்து, தான் பிறந்த வருடத்துக்கே போய்விட்டிருந்தது. இன்றைய தேதியைக் கொடுத்தேன். கோப்புகளைச் சரிபார்க்க நாற்பது நிமிடம். திரையில் பெயர்கள் வர ஆரம்பித்தன.

ஒன்றாம் எண்: கெங்கம்மாள்.

மேடம் அதைத் திறந்து காட்டினார். ஒரு பாதம், மெல்ல மெல்லத் திரும்பியது. விரல்கள் இல்லாத முன்பக்கம். அழுத்தம் விழும் இடம் சிவப்பு, விழாத இடம் நீலம். கீழே தேதிகள். இருபத்துமூன்று மாற்றங்கள். முதல் வருடத்தில் குதிகால் முழுக்கச் சிவப்பு. அடுத்ததில் கொஞ்சம் ஆரஞ்சு. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சிவப்பு கலைந்து, பரவி, பாதம் முழுக்க அமைதியான பச்சையானது. நான் எத்தனையோ சர்வர்களைத் திறந்திருக்கிறேன். கணக்கு, பில், சம்பளப் பட்டியல். இப்படி ஒன்று ஒரு பெட்டிக்குள் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மனுஷியை நடக்க வைப்பதற்கு ஒருவர் இத்தனை நாள் இத்தனை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

நகல் எடுக்கக் கொடுத்தேன். இரண்டு வெளி டிஸ்க்குகளில். அப்போதுதான் மேடம் தரையைக் காட்டினார்.

"இது யாரோட கால்?"

வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து சர்வர் வரைக்கும், சர்வரிலிருந்து வாசல் வரைக்கும், போய்ப் போய் வந்த தடம். ஈரம். ஒவ்வொரு தடத்திலும் ஒரே இடத்தில் சிவப்பு.

எல்லாருடைய காலையும் பார்த்தேன். பிறகு என் சாக்ஸைப் பார்த்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

நகல் முடிந்தது. இரண்டு பிரதியையும் திறந்து நூறு பேரைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. ஒன்று பட்டறையில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில். இனி டேப் கிடையாது. வாரம் ஒரு முறை நகலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எர்த் குழிக்கு மேல் தொட்டியிலிருந்து ஒரு சின்னக் குழாய் இழுத்துச் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தாயிற்று. புதுச் சர்வருக்கும் சொல்லியாயிற்று.

பதினோரு மணிக்கு இயந்திரம் கெங்கம்மாளின் ரப்பர் பாதத்தை வெட்ட ஆரம்பித்தது. இருபத்தாறு நிமிடம் பிடித்தது. முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். புண் ஆறியதும் போட்டுக்கொள்ளலாம், இன்னும் மூன்று வாரம் என்றார் மேடம்.

பிறகு என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். நேற்றே காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டிருந்தார். இன்று பிரித்துப் பார்த்தார். ஒரு சின்னக் கைப்பிடியின் நுனியில் நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கங்க. பாதத்துல இது படும்போது 'ம்'னு சொல்லுங்க."

மூடினேன். கவனமாக இருந்து சொன்னேன்.

"எத்தனை வருஷமா சர்க்கரை?"

"ஒம்பது வருஷம். மாத்திரை போட்டுக்கிறேன் மேடம். கண்ட்ரோல்லதான் இருக்கு."

"ரெண்டு கால்லயும் பத்துப் பத்து இடம் தொட்டேன். நீங்க நாலு தடவை 'ம்'னு சொன்னீங்க." நூலைக் கீழே வைத்தார். "அந்த நாலு தடவையும் நான் தொடலை, தயாளன்."

கூடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருடமாகத் தெரியும். இங்கே எழுதியதில்லை. இரண்டு வருடமாகவே தெரியும். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. புனிதாவிடமும் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்கு இதே சர்க்கரையில்தான் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அவள்தான் கூட இருந்து பார்த்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

மேடத்திடம் இதைச் சொன்னேன். "எலும்பு வரைக்கும் போகலை. ஆறிடும்" என்றார். "ஆனா வீட்டுல ஒருத்தர் தினமும் உங்க பாதத்தைப் பார்க்கணும். உங்களுக்கே குனிஞ்சு பார்க்க வராது. சொல்லித்தான் ஆகணும்."

ஆறாயிரத்து நானூற்று ஏழாவது எண் கொடுத்திருக்கிறார்கள். என் பாதத்தைத் திரையில் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே நல்ல சிவப்பு.

ஏப்ரல் 25, சனி

சொல்லவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். புனிதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திருகிலிருந்து ஆரம்பித்து, அந்த நைலான் நூல் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"கால் மரத்துப்போச்சுன்னு தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி வெந்நீர் அடுப்புலருந்து தணல் தெறிச்சு உங்க கால்ல விழுந்துச்சு. நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. நான்தான் தட்டிவிட்டேன். என்னன்னு கேட்டீங்க. எறும்புன்னேன்."

எனக்கு அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை.

"ஏன் என்கிட்ட கேட்கலை?"

"நீங்களா சொல்லட்டும்னுதான். மறைக்கிற ஆளைத் துருவினா இன்னும் மறைப்பீங்க." ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டை எடுத்தாள். "தினமும் காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள பார்த்துடுவேன். இந்த எட்டு நாளாத்தான் பார்க்க முடியல. சித்திரை வெயில்ல சாக்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கறீங்க. கழட்டினா முழிச்சுக்குவீங்களோன்னு பயம். எட்டு நாளா எனக்குத் தூக்கம் இல்லைங்க."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. எழவில்லை. சாக்ஸ் இல்லாமல் படுத்திருந்தேன்.

சற்று நேரத்தில் அவள் எழுந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு என் கால்மாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கத்தில் தலைமுடி அவிழ்ந்திருந்தது. வெளிச்சத்தைக் கையால் மறைத்து, என் முகத்தில் படாமல் பிடித்துக்கொண்டாள். எழுநூறு நாளுக்கு மேல் இப்படிப் பிடித்துப் பழகிய கை.

இடது பாதத்தில் ஆரம்பித்தாள். குதிகால், பக்கவாட்டு, அடிப்பாதம். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நடுவில் பார்த்தாள். வலது பாதத்துக்கு வந்ததும் கட்டைத் தொடாமல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்துக்கொண்ட நாளில் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும்.

அவள் விரல் பட்டது எதுவும் எனக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மேற்கூரையில் மெதுவாக நகர்வதை வைத்துத்தான், இப்போது எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கண்டுபிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.